கூட்டாமல் போனவர்கள்: இன்ஸ்டோலர்கள் விட்டுச்சென்ற கோப்புகளின் வரலாறு

பழைய விண்டோஸ் கொம்பியூட்டர் ஒன்றில் டி டிரைவைத் திறந்தால், யாரும் வைக்காத கோப்புகள் வரிசையாகக் கிடப்பதைச் சிலவேளை காணலாம். "ஈயூலா" என்று தொடங்கும் பெயர்கள், நடுவில் 1028, 1031, 1033, 1036 என்று எண்கள். பக்கத்தில் "இன்ஸ்டோல்", "விசி ரெட்" என்று வேறு சில. ஒன்றைத் திறந்தால் சீன எழுத்து வருகிறது, இன்னொன்றைத் திறந்தால் ஜெர்மன். பார்த்தவுடனே "வைரஸ் வந்திட்டுது" எண்டுதான் யாருக்கும் தோன்றும்.

வைரஸ் இல்லை. அது குப்பை. ஏதோ ஒரு மென்பொருளையோ கேமையோ நிறுவும்போது அந்த இன்ஸ்டோலர் தன் வேலைக்காக அவிழ்த்து வைத்த கோப்புகள். வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் வரலாறு படிக்கிற ஆட்களுக்குக் குப்பை சும்மா குப்பை இல்லைத்தானே. எகிப்தில் ஒக்ஸிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் குப்பைமேடுகளை 1896-97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்தவை வரிச்சீட்டுகள், கடிதங்கள், ஒப்பந்தங்கள், கிழிந்த இலக்கியப் பிரதிகள். எறிந்தவர்கள் யாரும் வருங்காலத்துக்கென்று எறியவில்லை. அதனால்தான் அவை நம்பத்தகுந்த சான்றுகள். அரசன் கல்வெட்டில் தன்னைப் பற்றித் தான் விரும்பியதை எழுதுவான். குப்பை அப்படி எதையும் திட்டமிட்டுச் சொல்லாது.

கொம்பியூட்டரின் தற்காலிகக் கோப்புகளையும் அப்படி ஒரு குப்பைமேடாக வாசித்துப் பார்க்கலாம். அவை ஏன் உருவாகின, ஏன் கிடந்துபோகின, அவற்றைக் கூட்டுகிற வேலை யார் தலையில் விழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சின்னக் குசினியின் சுளகு

தற்காலிகக் கோப்பு ஏன் தேவைப்பட்டது? இடம் இல்லாததால்.

1971இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் இயங்குதளம் பீடிபி-11 என்ற இயந்திரத்தில் ஓடியது. அதன் நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 கிலோபைட்டை இயங்குதளமே பிடித்துக்கொள்ளும், மீதி 8தான் மற்ற நிரல்களுக்கு. வன்தட்டு 512 கிலோபைட். இப்போது நாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படம்கூட அந்தத் தட்டுக்குள் முழுசாக அடங்குமோ தெரியாது.

சின்னக் குசினியில் சமைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டின மரக்கறியை வைக்க இடமில்லை எண்டால் சுளகில் போட்டு விறாந்தையில் வைப்பம். வேண்டியபோது எடுத்துக்கொள்ளுவம், சமையல் முடிந்தால் சுளகைத் தட்டிக் கழுவி மாட்டிவிடுவம். யுனிக்ஸ் செய்ததும் அதைத்தான். ஒருவர் ஓர் ஆவணத்தைத் திருத்தும்போது முழு ஆவணத்தையும் நினைவகத்தில் வைக்க முடியாது. அதனால் திருத்துகிற நிரல் அதை ஒரு தற்காலிகக் கோப்பாகத் தட்டில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்தது. அந்தக் கோப்புகளுக்கென்று "டிஎம்பி" என்ற பொது இடமும் இருந்தது. இன்றைக்கும் லினக்ஸ் கொம்பியூட்டர்களில் அதே மூன்று எழுத்துப் பெயரில் அந்த இடம் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இயந்திரங்கள் ஒரு ஆளுக்குச் சொந்தமானவை அல்ல. பலர் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தார்கள். பொது விறாந்தையில் ஒருவரின் சுளகை இன்னொருவர் தட்டிவிடலாம். ஆகவே விதிகள் தேவைப்பட்டன. 1986இல் வந்த 4.3 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பில் ஒரு ஏற்பாடு வந்தது: பொது இடத்தில் யாரும் கோப்பு வைக்கலாம், ஆனால் வைத்தவரோ அந்த இடத்துக்குப் பொறுப்பானவரோதான் அதை அழிக்கலாம். இதன் ஆங்கிலப் பெயர் "ஸ்டிக்கி பிட்". பொது இடத்தில் ஒழுங்காக இருப்பது எப்படி என்பதற்கு எழுதப்பட்ட ஒரு சின்னச் சட்டம் எண்டு சொல்லலாம்.

யுனிக்ஸில் இன்னொரு கெட்டித்தனமும் உண்டு. ஒரு நிரல் தற்காலிகக் கோப்பைத் திறந்தவுடனேயே அதன் பெயரை அழித்துவிடலாம். பெயர் போனாலும், திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் இருக்கும். நிரல் முடிந்தால், அல்லது இடையில் செத்துப்போனால், கோப்பும் தானாகவே போய்விடும். குப்பை மிஞ்ச வழியே இல்லை. விண்டோஸின் கதை ஏன் வேறு மாதிரிப் போனது என்பதற்கு இந்த விஷயம் முக்கியம், இதை ஞாபகம் வைத்திருங்கோ.

கூட்டுவதற்கு ஆளில்லாத வீடு

எண்பதுகளில் கொம்பியூட்டர் மேசைக்கு வந்தது. ஒரு மேசை, ஒரு இயந்திரம், ஒரு ஆள். பெரிய இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகி இருப்பார். வீட்டுக் கொம்பியூட்டருக்கு அப்படி ஒருவரும் இல்லை. பாவிக்கிற ஆளே நிர்வாகி, ஆனால் அது அவருக்கே தெரியாது.

1983இல் வந்த எம்எஸ்-டொஸ் 2.0 யுனிக்ஸிடமிருந்து சில யோசனைகளை எடுத்தது. ஒரு நிரலின் வெளியீட்டை நேரே அடுத்த நிரலுக்குக் கொடுக்கும் "பைப்" அதில் ஒன்று. யுனிக்ஸில் இரண்டு நிரல்களும் ஒரே நேரத்தில் ஓடும். டொஸால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும். அதனால் முதல் நிரல் எழுதுவதையெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்பில் கொட்டி, பிறகு அதை இரண்டாவது நிரலுக்குக் கொடுத்தது. வெளியில் பார்க்க அதே வசதி, உள்ளே ஒரு சுளகு.

விண்டோஸ் வந்தபிறகு நிரல்கள் தற்காலிகக் கோப்பு வைக்க "டெம்ப்" என்ற ஃபோல்டர் நிலைத்தது. ஒரு நிரல் கேட்டால் விண்டோஸ் அந்த இடத்தின் முகவரியைச் சொல்லும். புதுப் பெயர் ஒன்றும் போட்டுக் கொடுக்கும்: மூன்று எழுத்து, பிறகு எண்கள், முடிவில் "டிஎம்பி". ஆனால் அதை அழிப்பது, கேட்ட நிரலின் பொறுப்பு. இடத்தைக் காட்டியவர் கூட்ட வரமாட்டார்.

இந்த முறையில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரே முன்னெழுத்தோடு போடக்கூடிய பெயர்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது: 65,535. ஒரு நிரல் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பை விட்டுவிட்டுப் போய், யாரும் அழிக்காமல் இருந்தால், ஒரு நாள் பெயர் தீர்ந்துபோகும். அதன்பிறகு அந்த நிரலுக்குப் புதுக் கோப்பு கிடைக்காது. தன் குப்பையாலேயே மூச்சு முட்டிப்போகிற நிலை.

இன்ஸ்டோலர் என்ற மேசன்

ஆரம்பத்தில் மென்பொருள் நிறுவுவது என்றால் ஃப்ளொப்பியிலிருந்து கோப்புகளைக் கொப்பி பண்ணுவதுதான். மென்பொருள்கள் பெருத்தபோது அது போதவில்லை. விண்டோஸ் 95 வெளியானபோது (1995 ஓகஸ்ட் 24) அதை சீடியில் வாங்கலாம், அல்லது 13 ஃப்ளொப்பிகளாக வாங்கலாம். எல்லாம் அமுக்கிக் கட்டப்பட்ட பொதிகள். அவிழ்க்க ஒரு ஆள் வேண்டும், சரியான இடத்தில் வைக்க வேண்டும், விண்டோஸின் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த வேலைக்கென்று தனி நிரல்கள் வந்தன. இன்ஸ்டோல்ஷீல்ட், 1997இல் தொடங்கிய இன்னோ செட்டப், வினாம்ப் பாட்டு நிரலைச் செய்த நல்சொஃப்ட்டின் என்எஸ்ஐஎஸ் எல்லாம் இந்த வகை.

இன்ஸ்டோலர் வீட்டுக்கு வருகிற மேசன் மாதிரி. சீமெந்துப் பையை எங்காவது அவிழ்க்க வேண்டும், சாரம் கட்ட வேண்டும். அந்த இடம்தான் டெம்ப் ஃபோல்டர். முதலில் பொதியை அங்கே அவிழ்க்கும். அங்கிருந்து கோப்புகளை உரிய இடங்களுக்குக் கொண்டுபோகும். கடைசியில் டெம்பைத் துப்புரவாக்கி வெளியேற வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் அடிக்கடி தவறும். நடுவில் கரண்ட் போகலாம். "கென்சல்" அமத்தலாம். அன்டிவைரஸ் அந்த நேரம் பார்த்து ஒரு கோப்பைத் திறந்து சோதித்துக்கொண்டிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலே ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது. டெம்பிலிருந்தே ஓடுகிற இன்ஸ்டோலர் தன்னைத்தானே எப்படி அழிக்கும்? தான் நிற்கிற சாரத்தை மேசன் தானே கழற்ற முடியுமா? யுனிக்ஸின் "முதலிலேயே பெயரை அழித்துவிடு" என்ற தந்திரம் இங்கே வாய்க்கவில்லை.

விண்டோஸ் இதற்கு ஒரு வழி வைத்தது. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதி வைத்தால், அடுத்த முறை கொம்பியூட்டர் எழும்பும்போது, வேறு எதுவும் ஓடத் தொடங்குமுன் அவற்றை அழிக்கும். விண்டோஸ் 95இல் அந்தப் பட்டியல் ஒரு சின்னக் கோப்பில் இருந்தது. என்டி வரிசையில் பதிவேட்டுக்குள் இருக்கிறது. பாவனையில் உள்ள கோப்புகளை மாற்றுவதும் இதே பட்டியல் வழியாகத்தான். "நிறுவல் முடிய ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்று கேட்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆனால் இதையும் இன்ஸ்டோலரை எழுதியவர் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். மென்பொருள் வேலை செய்தால் வாங்கினவர் சந்தோசப்படுவார். டெம்ப் துப்புரவாக இருக்கிறதா எண்டு பார்த்துப் பாராட்டுகிற ஆள் யார்?

ஒன்பது மொழிகள்

இப்போது டி டிரைவில் கிடந்த கோப்புகளுக்கு வருவோம். அவை மைக்ரோசொஃப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2008 என்ற துணைப்பொதியிலிருந்து வந்தவை. கேம்களும் பல மென்பொருள்களும் ஓடுவதற்கு இந்தப் பொதி தேவை. அதனால் அவை தங்களோடு சேர்த்து இதையும் ஓசைப்படாமல் நிறுவிவிடும். இந்தப் பொதி டெம்பில் அவிழவில்லை. எந்த டிரைவில் காலி இடம் அதிகமோ, அதன் மேல்தட்டில் நேரடியாக அவிழ்ந்தது. வேலை முடிந்ததும் சில கோப்புகள் அங்கேயே கிடந்தன. பலருக்குக் காலி இடம் டி டிரைவில்தான் அதிகம். சிலருக்கு அந்த நேரம் செருகியிருந்த வெளி டிஸ்க்கில். பிறகு மைக்ரோசொஃப்ட்டே இதைப் பற்றி ஒரு உதவிக்குறிப்பு வெளியிட்டு, கிடந்த கோப்புகளைப் பட்டியலிட்டது. இருபதுக்கு மேல்.

வரலாற்று மாணவருக்கு அந்தப் பட்டியல்தான் சுவாரசியம். "ஈயூலா" என்பது பாவனையாளரோடு செய்யும் உரிம ஒப்பந்தம். எண்கள் மைக்ரோசொஃப்ட்டின் மொழிக் குறியீடுகள். 1033 அமெரிக்க ஆங்கிலம். 1031 ஜெர்மன், 1036 பிரெஞ்சு, 1040 இத்தாலியன், 1041 ஜப்பானியம், 1042 கொரியன், 3082 ஸ்பானிஷ். 1028 தாய்வானின் சீனம், 2052 சீனாவின் எளிய சீனம். மொத்தம் ஒன்பது.

தமிழ் இல்லை. சிங்களம் இல்லை. ஹிந்தியும் இல்லை, அரபும் இல்லை.

தமிழுக்கு எண் இல்லாததால் அல்ல. அதே குறியீட்டுப் பட்டியலில் இந்தியத் தமிழுக்கு 1097 என்ற எண் இருக்கிறது. இலங்கைத் தமிழுக்கென்று தனியாக 2121 இருக்கிறது. எண் உண்டு, அந்த எண் தாங்கிய கோப்புத்தான் அந்தக் குவியலில் இல்லை. இதில் சதி எதுவும் தேட வேண்டியதில்லை. எந்தச் சந்தைகளை மனதில் வைத்து அந்தப் பொதி கட்டப்பட்டது என்பதை இது காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் "உலகம் முழுவதற்கும்" என்று பேசும். குப்பையோ, உலகம் என்று அவர்கள் எண்ணியது எந்த ஒன்பது என்பதை எண் போட்டுச் சொல்லிவிடுகிறது. ஒக்ஸிரிங்கஸின் வரிச்சீட்டு மாதிரித்தான்.

"ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை நாங்கள் எல்லோரும் அமத்தியிருக்கிறோம். எங்களுக்குப் புரியாத மொழியில், நாங்கள் வாசிக்காத ஒப்பந்தம். அதன் பிரதி எங்கட டிரைவிலேயே கிடந்திருக்கிறது, நாங்கள் வைரஸ் எண்டு பயந்திருக்கிறோம்.

எல்லாம் குப்பையா?

அப்போ கிடக்கிறதையெல்லாம் அழிக்கலாமா? இங்கேதான் கவனம் வேண்டும்.

அதே துணைப்பொதியின் 2005 பதிப்பை 64-பிட் விண்டோஸில் நிறுவினால், டிரைவின் மேல்தட்டில் ஒற்றைக் கோப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதுவும் இடம் மாறி வந்ததுதான், ஆனால் தற்காலிகக் குப்பை அல்ல. நிரல்களின் பிழை தேடுவதற்கான பகுதி. ஒஃபிஸ் 2003 நிறுவியவர்களின் டிரைவில் "எம்எஸ்ஓ கேஷ்" என்று மறைத்து வைத்த ஃபோல்டர் ஒன்று இருக்கும். பின்னர் திருத்தமோ மேம்படுத்தலோ வரும்போது சீடியைத் தேடி அலையாமல் இருக்க வேண்டுமென்றே வைத்துப் போனது. விண்டோஸுக்குள்ளேயே "இன்ஸ்டோலர்" என்று ஒரு மறைந்த ஃபோல்டர் உண்டு. 1999 அளவில் ஒஃபிஸ் 2000 உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டோலர் முறை, நிறுவிய ஒவ்வொன்றின் பொதிச்சுருக்கத்தையும் அங்கே சேமிக்கும். பல கிகாபைட் பெருத்துவிடும். குப்பை எண்டு நினைத்து அழித்தால், பிறகு அந்த மென்பொருளை அகற்றவும் முடியாது, திருத்தவும் முடியாது.

ஆக, வெளித் தோற்றத்தை வைத்துக் குப்பையையும் ஆவணத்தையும் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே மாதிரித்தான் தூசி படிந்து கிடக்கும். அது ஏன் அங்கே வந்தது என்ற கதை தெரிந்தால்தான் பிரிக்கலாம். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம்.

கதை தெரியாவிட்டால் பழி வேறு யார் தலையிலோ விழும். எஸ்கியூலைட் என்பது பல மென்பொருள்கள் உள்ளுக்குள் பாவிக்கும் ஒரு தரவுத்தள நிரல். அதன் தற்காலிகக் கோப்புகள் முன்பு "எஸ்கியூலைட்" என்ற பெயரோடுதான் தொடங்கின. மெக்கஃபி தன் அன்டிவைரஸில் அதைப் பாவித்தபோது, அந்தப் பெயரில் கோப்புகள் மக்களின் டெம்ப் ஃபோல்டரில் குவிந்தன. ஆட்கள் பெயரைக் கூகுளில் தேடி, அதை எழுதியவர்களின் தொலைபேசி இலக்கத்தைக் கண்டுபிடித்து, நடு இரவில் எழுப்பித் திட்டினார்கள். 2006இல் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: பெயரைப் பின்னாலிருந்து முன்னாக எழுதுவது. இன்றும் அந்தக் கோப்புகள் "எடில்க்ஸ்" என்றுதான் தொடங்கும். ஏன் என்ற விளக்கத்தை நிரலின் மூலத்திலேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிரிப்பான கதைதான். ஆனால் நடந்ததைப் பாருங்கள். குப்பை குறையவில்லை. குப்பையில் இருந்த பெயர் மட்டும் மாறியது.

கூட்டும் வேலை யாருடையது?

தற்காலிகக் கோப்புகளின் வரலாறு கூட்டும் வேலையின் வரலாறும்கூட. விண்டோஸ் 98இல் "டிஸ்க் கிளீனப்" வந்தது. டெம்பில் ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் கிடப்பவற்றை அழிக்கும், ஆனால் பாவனையாளர் போய் அமத்த வேண்டும். விண்டோஸ் 10இல் இதையே தானாகச் செய்யும் வசதி வந்தது. லினக்ஸில் இன்றைக்குப் பரவலாக உள்ள ஏற்பாடு, பொது தற்காலிக இடத்தில் 10 நாள் தொடாமல் கிடப்பதை அகற்றும். 2013இல் வந்த ஃபெடோரா 18 அந்த இடத்தையே தட்டிலிருந்து நினைவகத்துக்கு மாற்றியது. கொம்பியூட்டரை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். நினைவகம் போதாமல் தட்டில் தொடங்கிய கதை, நினைவகம் தாராளமானதும் நினைவகத்துக்கே திரும்பியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 2015இல் விண்டோஸ் 7, 8.1 பாவித்தவர்களின் கொம்பியூட்டர்களில், அவர்கள் கேட்காமலேயே விண்டோஸ் 10இன் நிறுவல் கோப்புகள் இறங்கின. 6 கிகாபைட் வரை. மைக்ரோசொஃப்ட் அதை ஒப்புக்கொண்டது. வரம்பில்லாத இணைப்பு உள்ளவருக்கு அது ஒரு மறைந்த ஃபோல்டர். டேட்டா கார்ட் போட்டு, ஒவ்வொரு கிகாபைட்டையும் எண்ணிப் பாவிக்கிறவருக்கு அது காசு. 2019இன் விண்டோஸ் பதிப்பில், புதிய கொம்பியூட்டர்களில் சுமார் 7 கிகாபைட் இடம் புதுப்பிப்புகளுக்கும் தற்காலிகக் கோப்புகளுக்கும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. வன்தட்டு பெரிதாக உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. 32 கிகாபைட் மலிவு லப்டொப் வாங்கின மாணவருக்கு, வீட்டில் ஒரு அறையைப் பூட்டிவிட்டுக் கொடுத்த மாதிரி.

"தற்காலிகம்" என்பது ஒரு கோப்பின் இயல்பு அல்ல. ஒருவர் கொடுத்த வாக்கு. "நான் போகும்போது எடுத்துக்கொண்டு போவேன்" என்ற வாக்கு. 1971இல் பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்தபோது, வாக்குத் தவறினால் பக்கத்து மேசைக்காரர் கேட்பார். எங்கட மேசைக்குக் கொம்பியூட்டர் வந்தபிறகு, வாக்குக் கொடுத்தவர் எங்கேயோ ஒரு நாட்டில் இருக்கிறார், இடம் எங்களுடையது. கேட்க ஆளில்லாத இடத்தில் வாக்குக்கு மதிப்புக் குறைவதை வேறு பல வரலாறுகளிலும் படித்திருக்கிறோம்.

நேரம் கிடைத்தால் ஒரு வேலை செய்து பாருங்கோ. விண்டோஸ் கொம்பியூட்டரில் உங்கட பெயரில் உள்ள டெம்ப் ஃபோல்டரைத் திறந்து, திகதிப்படி அடுக்குங்கள். பழையது மேலே வரட்டும். எப்போதோ நிறுவி மறந்துபோன மென்பொருள், இடையில் கரண்ட் போய் நின்றுபோன நிறுவல், வீட்டில் வேறு யாரோ போட்ட கேம் என்று ஒவ்வொன்றும் தன் திகதியோடு கிடக்கும். அழிப்பதை அதற்குப் பிறகு செய்யலாம். முதலில் ஒருக்கா வாசியுங்கள்.